தண்ணீர் வில்லாவும் தர்பூசணித் தீவும்

தூத்துக்குடி,
3.12.2025

அன்புள்ள ஜோதி,

நலம், நலமறிய அவா, இத்யாதி. அண்ணனுக்கு என் வணக்கம். உன் மாமியாரின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததாக விமலா சொன்னாள். கொஞ்ச காலத்துக்கு அவரை மாடிப்படி ஏற விடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம். பிப்ரவரி 9, திங்கட்கிழமை, பனிமய மாதா கோவிலில். ஆமாம், எனக்குத்தான்; தங்கச்சி மகளுக்கு இல்லை. நாற்பத்தேழு வயதில் என்ன அவசரம் என்று கேட்பாய். பிப்ரவரி 18 சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது. ஈஸ்டர் தாண்டினால் வெயில், பெரியம்மாவின் உடம்பு, கட்டிக்கொள்ளப்போகிறவரின் விடுப்பு என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே நிற்கும். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை ஜனவரியில் வாசிப்பார்கள். 'அமலி மடத்துக்குத்தான் போவாள்' என்று விடுதியில் பந்தயம் கட்டிய அத்தனை பேரிடமும் வட்டியோடு வசூலித்துவிடு. பாதி எனக்கு.

மாப்பிள்ளைக்கு (இந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது) ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கணக்குப் பிரிவு. முதல் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் நிவேதா, உன் சென்னையில்தான் வேலை பார்க்கிறாள். மனிதர் நல்லவர். ஆனால் பேசுவதில்லை. கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலும் 'உங்கள் விருப்பம்' என்பதாக இருக்கும். பெரியம்மா இதைப் பெரிய குணமாக நினைக்கிறார். எனக்கு இப்போதே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். கடிதமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. சிரிக்காமல் படி. தேனிலவுக்கு எங்கே தங்குவது என்ற கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

தொடங்கியது நிவேதா. அப்பாவும் நானும் எங்கேயும் போகாமல் மறுநாளே வேலைக்குப் போய்விடுவோம் என்று பயந்து (சரியான பயம்தான்), மாலத்தீவில் ஒரு தண்ணீர் வில்லாவைப் பார்த்துப் பிடித்து வைத்துவிட்டாள். கடலுக்கு மேல் தூண்களில் நிற்கும் மர வீடு. தரையில் கண்ணாடி, அதன் கீழே மீன். படுக்கையறையிலிருந்து ஏணி நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. முதல் ஊக்கத்தொகையிலிருந்து பாதிப் பணம் தானே தருவதாகச் சொல்கிறாள். ஜனவரி முதல் வாரம் வரை ரத்து செய்யலாம். இருபத்திரண்டு வயதுப் பெண், அம்மாவின் இடத்துக்கு வரப்போகிறவளுக்கு முதன்முதலாக ஒன்றைத் தருகிறாள். அதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? அதே நேரம் எப்படிச் சரி என்று சொல்வது?

கணக்கைப் பார். ஒரு இரவுக்கு 700 டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். அந்தக் கூட்டல் குறிகளுக்கு விளக்கம் தேடியதில் ஒரு மாலைப் பொழுது போயிற்று. ஒன்று, சேவைக் கட்டணம் 10 சதவீதம். மற்றொன்று, அதையும் சேர்த்து அதன் மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி. கடந்த ஜூலையிலிருந்து 17 சதவீதம். இதற்கு மேல் பசுமை வரி என்று தலைக்கு இரவுக்கு 12 டாலர். ஆக 700 என்பது 925 ஆகிறது. நம் பணத்தில் எண்பதாயிரத்துக்கு மேல், ஒரே இரவுக்கு! காலை உணவு உண்டு. மற்ற வேளைகளுக்கு எந்தத் திட்டம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குடிதண்ணீருக்குக்கூடத் தனியாக வாங்குவார்கள். அறையிலிருந்து சூரிய உதயம் தெரிந்தால் ஒரு விலை, அஸ்தமனம் தெரிந்தால் கூடுதல் விலை.

போக்குவரத்து இன்னும் வேடிக்கை. அவள் பிடித்திருக்கும் இடம் பா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. மாலே விமான நிலையத்திலிருந்து கடல் விமானத்தில் போகவேண்டும். போய்வர ஆளுக்கு 500 டாலர் அளவில். கடல் விமானம் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பறக்கும். நம் விமானம் தாமதமாகிப் பொழுது சாய்ந்துவிட்டால் அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் எங்காவது தங்கவேண்டியதுதான். அந்த இரவுக்குரிய எண்பதாயிரம் கடலில். விளம்பரத்தில் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக நீந்துகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பா அட்டோல் முழுவதையும் 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததும் உண்மை. ஆனால் அந்தத் திருக்கைகள் அங்குள்ள ஹனிஃபாரு வளைகுடாவில் கூடுவது ஜூன் முதல் நவம்பர் வரை. நாங்கள் போவது பிப்ரவரியில்! யாருமே அதைச் சொல்லவில்லை. தோணி ஓட்டும் தண்டலின் மகளான எனக்கே தேடிப் படித்துத்தான் தெரிந்தது.

அப்பாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் நகராது போலிருக்கிறது. உனக்கு அவரைத் தெரியும். விடுதிக்கு மாசிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்து, மேட்ரன் அறை வரை நாறடித்தாரே. வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலேக்குத் தோணி ஓட்டியவர். தென்மேற்குக் காற்றுக் காலம் போக மற்ற மாதங்களில் அவரை நாங்கள் வீட்டில் பார்த்தது அபூர்வம். அம்மாவுக்கு மாலே என்றால் காத்திருப்பு. எங்களுக்கு மாலே என்றால் டப்பாப் பால், சோப்பு, வெளிநாட்டு மிட்டாய். எத்தனையோ முறை போனவர், ஒரு ரிசார்ட்டில்கூடக் கால் வைத்ததில்லை. இரவில் தூரத்தில் வரிசையாக விளக்குகள் தெரியுமாம். 'அது வெள்ளைக்காரத் தீவு, நமக்கு அங்கே வேலை இல்லை' என்பார்.

அது அவராகச் சொன்ன கதை இல்லை. அந்த நாட்டின் ஏற்பாடே அப்படித்தான். 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட்டைத் திறந்தார்கள். ஆள் இல்லாத தீவாகப் பார்த்து ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று கொடுத்து, சுற்றுலாக்காரர்களைச் சொந்த மக்கள் வாழும் தீவுகளிலிருந்து தள்ளியே வைத்திருந்தார்கள். 2009க்குப் பிறகுதான் ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்த வழி திறந்தது. அப்பா அதற்குள் தோணியை விட்டு இறங்கிவிட்டார். அவர் வெங்காய மூட்டை இறக்கிய ஊருக்குப் போய், ஒரு இரவுக்கு எண்பதாயிரம் கொடுத்து, ஏணியில் உட்கார்ந்து காலை நனைப்பதா? ஜோதி, எனக்கு இது அழுகையாகவும் வருகிறது, கர்வமாகவும் இருக்கிறது. எது எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது பணமும் இல்லை, அப்பாவும் இல்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த ரிசார்ட் தீவைப் படத்தில் அளந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். அதில் நாங்கள், எங்களைப் போன்ற ஜோடிகள், புன்னகைக்கும் பணியாளர்கள். வேறு யாரும் இல்லை. கடை இல்லை, தெரு இல்லை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இல்லை. முதல் நாள் 'கடல் நீலமாக இருக்கிறது' என்று நான் சொல்வேன். அவர் 'ஆமாம்' என்பார். இரண்டாம் நாள்? ஒன்றாக வாழ்ந்து பழகியவர்களுக்கு அந்த அமைதி சுகம். ஒருவரையொருவர் இன்னும் 'நீங்கள்' என்று கூப்பிடும் இரண்டு பேரைக் கண்ணாடித் தரை மேல் உட்காரவைத்தால், மீனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்குப் பேச்சுக்குப் பொருள் வேண்டும். யாரோ யாரையோ திட்டுவதும், சைக்கிளில் தர்பூசணி போவதும் வேண்டும்.

தர்பூசணி என்று சும்மா சொல்லவில்லை. தொட்டூ என்று ஒரு தீவு இருக்கிறது. மாலேயிலிருந்து விசைப்படகில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். போக ஆளுக்கு 50 டாலருக்குள். மாலத்தீவிலேயே விவசாயத்துக்குப் பெயர்போன தீவு. தர்பூசணியும் பப்பாளியும் ஏக்கர் கணக்கில். ரம்ஜான் நோன்புக்கு மாலே முழுவதும் இந்தத் தீவுத் தர்பூசணியைத்தான் தேடும். வயல் நடுவே மண் பாதை, சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. இரவுக்கு 80, 90 டாலரில் சுத்தமான விடுதிகள். சிறிய விடுதிகளுக்குப் பசுமை வரியும் பாதிதான், 6 டாலர். காலையில் மாஸ் ஹூனி: மாசி, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். அந்த வெங்காயம் நம் துறைமுகத்திலிருந்து தோணியில் போனதாகக்கூட இருக்கலாம்.

மற்ற தீவுகளையும் விடவில்லை. மாஃபுஷி விமான நிலையத்துக்குக் கிட்டே, மலிவு; ஆனால் விடுதி மேல் விடுதியாக நெருக்கியடித்து நிற்கிறது. நாட்டின் பெரிய சிறைச்சாலையும் அதே தீவில்தான். கல்யாணம் முடிந்த கையோடு அங்கே போனால் நீ என்னென்ன சொல்வாய் என்று தெரியும், அதனாலேயே அடித்துவிட்டேன். திகுரா நீளமாக, ஒடிசலாக அழகாக இருக்கிறது. பக்கத்துக் கடலில் ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறா வருமாம். ஆனால் படகில் இன்னும் கூடுதல் நேரம். இங்கே ஒரு ரகசியம்: துறைமுகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளைக்குப் படகு ஏறினால் வாந்தி! ஒரு முறை படகில் போய் வந்ததையே இன்றும் முகம் வெளிறிச் சொல்கிறார். தொட்டூ தனியாக ஒதுங்கி நிற்கும் தீவு. போகும் வழி திறந்த கடல். பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று அடங்கிக் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும் என்ற தைரியத்தில்தான் அதைச் சொன்னேன்.

ஊர்த் தீவுகளில் மது கிடையாது. எங்கள் இருவருக்கும் அது ஒரு பொருட்டில்லை. நீச்சலுடையில் குளிப்பதற்கென்று ஒதுக்கிய கடற்கரை தவிர மற்ற இடங்களில் உடம்பை மறைத்துத்தான் நடமாடவேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பெரிய குறையாக எழுதுகிறார்கள். எனக்கோ இதைவிட நிம்மதி வேறில்லை. தண்டல் மகளுக்கு நீச்சல் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும். மணப்பாட்டில் உன் செருப்பு போன அன்று நான் செய்த உதவியை மறந்திருக்க மாட்டாய். சுடிதாரோடு முட்டளவு தண்ணீரில் நின்றால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் ஊர் அடங்கியிருக்கும், அரசுப் படகுகளும் ஓடாது. நோன்பும் பிப்ரவரி 18, 19 வாக்கில்தான் தொடங்குகிறது; அதற்கு முன்னால் போனால் பகலில் தேநீர்க்கடை திறந்திருக்கும். அவர்களுக்கு ரம்ஜான், நமக்குத் தவக்காலம், இரண்டும் இந்த முறை ஒன்றாக வருகின்றன.

இதையெல்லாம் நிவேதாவிடம் சொன்னேன், அழுகை, கர்வம் தவிர. ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "ஆன்ட்டி, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லுங்கள், தர்பூசணி மேல் பழி போடாதீர்கள்" என்றாள். அப்பாவின் மகள் இல்லை இவள், வாயிருக்கிறது, பிழைத்துக்கொள்வேன். நேராகவே சொன்னேன். உன் அப்பாவோடு என்ன பேசுவது என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்று. சிரித்துவிட்டாள். "அப்பாவுக்குக் காய்கறி விலை தெரியாத ஊர் பிடிக்காது, வயல் இருந்தால் பேசிக்கொண்டே இருப்பார்" என்றாள். நான்கு மாதமாகப் பார்க்கிறேன், எனக்கு இது தெரியாது!

பிறகு இருவரும் உட்கார்ந்து பேரம் பேசினோம். 11ஆம் தேதி திருவனந்தபுரம் வழியாக மாலே. விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மாலைப் படகில் தொட்டூ, மூன்று இரவு. 14ஆம் தேதி சனிக்கிழமை கிளம்பி, விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் போகக்கூடிய ஏதாவது ஒரு ரிசார்ட்டில் இரண்டு இரவு, தண்ணீர் வில்லாவில், அவள் பணத்தில். கடல் விமானம் இல்லை. திரும்பும் நாள் பதைபதைப்பும் இல்லை. பிப்ரவரி 14 என்பதால் அன்று வாடகை ஏற்றியிருக்கிறார்கள். அன்றுதான் இருக்கவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நானும் விட்டுவிட்டேன். அந்த ஏணியில் ஒரு முறை உட்கார எனக்கும் ஆசைதான், அப்பா பார்த்த விளக்குகளை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.

அவரிடம் சொன்னபோது வழக்கம்போல 'உங்கள் விருப்பம்' என்றார். மறுநாள் காலை ஒரு செய்தி: 'தொட்டூவில் மிளகாய் என்ன விலை?' பெரியம்மாவிடம் காட்டினேன். காதல் கடிதம் என்றார்.

உனக்கு இரண்டு வேலை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் 7ஆம் தேதி இரவுக்கு டிக்கெட் போடு. முன்பதிவு அடுத்த வாரம் திறக்கும், கடைசி நேரத்தில் தட்கலுக்கு அலையாதே. விமலாவையும் இழுத்து வா. இரண்டாவது, தி.நகரில் முழுக்கை வைத்த நீச்சலுடை கிடைக்கிறதாம், முட்டிக்குக் கீழே வரைக்கும் இருக்கவேண்டும், கறுப்பு அல்லது கருநீலம். இந்த ஊரில் போய்க் கேட்டால் மாலைக்குள் பங்குத்தந்தை வரை போய்விடும். என் அளவு கல்லூரியில் இருந்ததல்ல. எது என்று கேட்காதே, உனக்குச் சரியாக வருவதையே எடு. நீயும் ஒன்றும் இளைத்திருக்க மாட்டாய்.

அன்புடன்,
அமலி