எதுவரைக்கும் என்று கேட்கலாம்

பாளையங்கோட்டை,
ஐப்பசி மழை, ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள சுசீலா,

மூன்று கடிதம் போட்டிருக்கிறாய். மூன்றும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கின்றன. கடைசிக் கடிதத்தில் "உயிரோடு இருக்கிறாயா இல்லையா, ஒரு வரி எழுதுடி" என்று திட்டியிருந்தாய். திட்டியது சரிதான். நீ போன் பண்ணும்போதெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்தேனே, அது பொய். பதினெட்டு மாதமாகச் சொன்ன பொய்யைச் சரிசெய்யத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே பிள்ளைகள் சுகம். மூத்தவன் கோயம்புத்தூரில். சின்னவளுக்கு மாசியில் பிரசவம். அப்புறம், நம்ம மணியடிச்சான் மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. கேட்டதும் உன் ஞாபகம்தான். அன்றைக்கே நீ சொன்னாயே! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சர்ச்சில் வருஷக் கடைசி இரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை அடுக்கி நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று கண்ணை மூடி எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு நமக்கு. நீ அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் கடைசியாக எடுத்த அட்டையில், பைபிளில் சங்கீதம் என்கிற பாட்டுகளில் 91ஆவதின் கடைசி வசனம் இருந்தது. "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." ரோஜாப்பூப் படம், பொன் எழுத்து. சின்னப் பிள்ளை மாதிரி எல்லோரிடமும் காட்டிவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஏப்ரலில் போய்விட்டார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் பாக்கி.

நீ வந்திருந்தபோது அந்த அட்டை கதவில்தான் இருந்தது. நீ பார்த்திருக்க மாட்டாய். நீ போன பிறகு ஒருநாள் பால் எடுக்கப் போனவள் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கையில் இருந்த பால் பாக்கெட் வெதுவெதுப்பாகிவிட்டது. அட்டையைக் கிழிக்கவும் பயம், வைத்திருக்கவும் முடியவில்லை. திருப்பி ஒட்டினேன். அதன் வெள்ளை முதுகைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் ஓடியது.

ஜெபம் வரவில்லை சுசீலா. பிறந்ததிலிருந்து குடும்ப ஜெபம் பண்ணி வளர்ந்தவள், "கர்த்தாவே" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் வார்த்தை வராது. தூக்கமும் போனது. இதற்கு நடுவில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இருக்கிறார்களே! ஒரு ஜெபக் குழுவிலிருந்து வந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விசுவாசிகள் அழக்கூடாதம்மா, நீங்கள் இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு உபவாசம் இருந்திருக்கலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான். நல்ல மனசோடு சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனாலும் அப்படிச் சொல்வது பாவம், அதை நான் அழுத்தியே சொல்வேன். செத்து நான்கு நாளான தம் சிநேகிதன் லாசருவை எழுப்பத்தான் இயேசு வந்தார். எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். அவருக்கே அழுகை தடையில்லை, எனக்கு மட்டும் என்ன தடை?

ஜூலையில் எங்கள் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வந்தார். (ஹாஸ்டலில் "உங்க சர்ச்சில் ஐயரா?" என்று நீ முழித்தாயே, அந்த ஐயர்தான், ஆள் வேறு.) என்னைப் பார்த்தார். நீளமாக ஜெபிக்கவில்லை. பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதையை ஞாபகப்படுத்தினார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த மனுஷன், அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் விழுந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தேவதூதன் வந்து புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, சாப்பிடு என்கிறான். தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது அதற்கப்புறம்தான். இதைச் சொல்லிவிட்டு ஐயர், "அக்கா, முதலில் டாக்டரைப் பாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றார். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தவளை ஒரு ஐயர் அழைத்துப் போனார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் திரும்பியது. அதையும் கிருபை என்றுதான் சொல்வேன்.

கதையைக் கேட்டபோது நீதான் என் கண் முன்னால் வந்தாய், தெரியுமா? அடக்கம் முடிந்த ராத்திரி எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துவிட்டுச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாய். ரசம் ஊற்றிப் பிசைந்து என் கையில் உருண்டை உருட்டி வைத்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி நீ, அன்றைக்கு எப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாயோ.

இனிமேல்தான் உனக்கு நான் சொல்ல வந்தது. ஜூன் ஆரம்பத்திலேயே ஊரிலிருந்து பெரியம்மா எனக்குத் துணையாக வந்துவிட்டது. எண்பதைத் தாண்டிய வயசு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பக்கத்து அறையில் ஒரு சங்கீதம் சத்தமாகப் படிக்கும். ஒரு நாளைக்கு ஒன்று. முதலாம் சங்கீதத்தில் ஆரம்பித்தது, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கவில்லை, வரிசையாகப் போனது. நான் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். பதின்மூன்றாம் நாள் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று காதில் விழுந்தது. இரண்டே வசனத்தில் நான்கு தடவை "எதுவரைக்கும்". என் வாயில் வராமல் நின்ற வார்த்தை அது. எத்தனை தடவை படித்திருப்பேன், அப்போதெல்லாம் அது யாருடைய வார்த்தையாகவோ இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் 88ஆம் சங்கீதம் வந்தது. எஸ்ராகியனாகிய ஏமான் பாடியது. புலம்பல் சங்கீதங்கள் நிறைய உண்டு, ஆனால் அநேகமாக எல்லாமே முடியும்போது ஒரு வெளிச்சத்துக்கு வந்துவிடும், "உம்மைத் துதிப்பேன்" என்று. இது வராது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி, அப்படியே இருட்டில் நின்றுவிடும். பெரியம்மா படித்து முடித்துப் புத்தகத்தை மூடியது. நான் எழுந்துபோய், "அவ்வளவுதானா பெரியம்மா? அப்புறம்?" என்று கேட்டேன். "அவ்வளவுதான். அவனும் சாமியக் கும்பிட்டவன்தாம்ட்டி" என்றது. அதன் மடியில் தலை வைத்து அழுதேன். ஏப்ரலுக்கு அப்புறம் அப்படி அழுதது அன்றைக்குத்தான். அழுகைக்கு நடுவில் அந்த அட்டையைப் பற்றி வாய்விட்டுக் கேட்டேன், கர்த்தரிடமே. ஏன் இப்படி எழுதிக் கொடுத்தீர், ஏன் இப்படிச் செய்தீர் என்று. ஜெபம் திரும்பியது அங்கேதான், சண்டையாக.

பதில் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கேட்கிற இடம் மாறிவிட்டது. முன்பு சுவரைப் பார்த்துக் கேட்டேன், இப்போது அவரைப் பார்த்துக் கேட்கிறேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். போன வருஷக் கடைசி இரவில் தட்டு என்னிடம் வந்தபோது அட்டை எடுக்கவில்லை. கோபத்தினால் இல்லை. வருஷம் முழுவதற்கும் ஒரே சீட்டில் வழி கேட்பது இப்போது எனக்கு ஒத்துவரவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்கிற உணவு விழுந்தது அன்றன்றைக்கு மட்டும்தான். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் தவிர, மிச்சம் பிடித்து வைத்தால் காலையில் பூச்சி. அதனால் காலையில் ஒரு பகுதி படித்துவிட்டு, இன்றைக்கு என்ன என்று மட்டும் கேட்கிறேன். பதில்கள் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒருநாள் பென்ஷன் காகிதங்களை எடுத்துக்கொண்டு போ என்று தோன்றும். ஒருநாள் அவருடைய சட்டைகளை மடி, இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடு. ஒருநாள் சூரியன் அஸ்தமிக்கும் முன்னே எரிச்சல் தணியட்டும் என்று பைபிளில் எபேசியர் நிருபத்தில் படித்துவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்குக் கொழுந்தனாருக்குப் போன் பண்ணினேன். காம்பவுண்டுச் சுவர்ச் சண்டை உனக்குத் தெரியுமே, ஒன்பது வருஷம். அந்தப் பக்கமும் அழுகைதான். சுவர் அப்படியேதான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு மட்டும் அதைத் தாண்டி வருகிறது.

எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. போன வாரம் மூன்று நாள் எதைப் படித்தாலும் எழுத்தாகத்தான் தெரிந்தது. அவர் ஞாபகம் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊருக்குத் திரும்பிவிட்ட பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். "படிச்சியா? சாப்பிட்டியா? போதும்" என்று வைத்துவிட்டது.

இப்போது உன் விஷயம். மகன் பேசாமல் இருக்கிறான், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று மூன்றாவது கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டும் நான்கு மாதம் பதில் போடாமல் இருந்தேன். மன்னித்துவிடு. உனக்கு உபதேசம் பண்ண மாட்டேன், பண்ணினால் நீ விடவும் மாட்டாய். தூக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. உன் பெருமாளிடம் நல்ல வார்த்தை மட்டும்தான் பேச வேண்டும் என்று இல்லையடி, வாய்விட்டுக் கேள். நான் உன் கடிதத்தை என் பைபிளில் 88ஆம் சங்கீதத்தில் வைத்திருக்கிறேன். அந்த அட்டையும் அங்கேதான் இருக்கிறது. காலையில் திறக்கும்போதெல்லாம் உன் மகன் பெயரைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. பெரியம்மாவும் வருகிறது, "சோறு பொங்கின பிள்ளை வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வரும்போது உன் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில். பதில் எழுது. நல்லா இருக்கேன் என்று மட்டும் எழுதாதே.

உன்,
தங்கம்