முதலில் பிரேக், அப்புறம் கரண்ட்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். ஸ்டுட்கார்ட்டில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய், உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கட்டுகிற எலெக்ட்ரிக் கோ கார்ட்டை, அந்தச் சின்ன ரேஸ் வண்டியை, ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைச் சுற்ற விட்டு எடுத்த வீடியோ வந்தது. பட்டறையில் ஒரு பம்ப் மோட்டார் டெஸ்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். பேரிங் சத்தம் சுத்தமாக இருக்கிறது. கிளம்பும்போது மட்டும் ஒரு சின்ன உதறல் கேட்டது. மோட்டாருக்குள் காந்தம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் வயர்களின் வரிசையும், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மூன்று ஃபேஸ் வயர்களின் வரிசையும் பொருந்துகின்றனவா என்று இன்னொரு முறை பார். அது மாறியிருந்தாலும் மோட்டார் சில நேரம் ஓடத்தான் செய்யும். ஆனால் முக்கி முனகி, கரண்டை அதிகமாக இழுத்து, சூடாகி ஓடும்.

பையன்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டுகிற பட்டறையில் வளர்ந்த பிள்ளை சொந்தமாக ஒரு வண்டி கட்டுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன்னைச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கூட்டிப்போவேன், நீ காரை விட்டுவிட்டு டயர் மாற்றுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். அந்த டிராக் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கரிவர்தன் நம் கோயம்புத்தூர்க்காரர். மாருதி இன்ஜினைப் போட்டு, இங்குள்ள பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற மாதிரி ரேஸ் கார் கட்டிக் கொடுத்தவர். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். கோ கார்ட்டின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினைக் குழாய் ஃப்ரேமில் மாட்டி ஓட்டினார். பெரிய கம்பெனி எதுவும் செய்யவில்லை, வீட்டில் கட்டிய வண்டிதான். அதனால் நீ செய்வதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 72 வோல்ட், 150 ஆம்பியர் என்று எழுதியிருந்தாய். பெருக்கினால் 10,800 வாட், பதினான்கரைக் குதிரைத்திறன். இங்கே 15 எச்.பி. மோட்டார் ரீவைண்டிங்குக்கு வந்தால் வண்டியிலிருந்து இறக்கவே ஆள் சேர்க்க வேண்டும். நீ அதே சக்தியுள்ள மோட்டாரை வீடியோவில் ஒரு கையில் தூக்கிக் காட்டுகிறாய். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பது ஒரு காரணம். இங்கே நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிற இடத்தில் உன்னுடையது 4500 ஓடுவது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம்தான் எனக்குக் கவலை. அவ்வளவு சக்தியை அது தொடர்ந்து தருவதற்காகச் செய்யப்பட்டதல்ல, கொஞ்ச நேரத்துக்குத்தான் தரும். இரும்பும் செம்பும் குறைவாக இருப்பதால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதில் இடமில்லை.

எரிந்த ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரில் காயில் சுற்றிய அசையாத பகுதியை, நீ எத்தனையோ பார்த்திருக்கிறாய். வார்னிஷ் கருகிய அந்த வாடை உனக்கே தெரியும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. செம்பு 100 டிகிரி கூடினால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 40 சதவீதம் ஏறும், ஏறினால் இன்னும் சூடாகும். இந்த ஓட்டத்தில் காயில் தப்பித்தாலும் காந்தம் தப்பிக்காது. சாதாரணத் தர நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டிப் பலம் போய்விட்டால் ஆறின பிறகும் திரும்பாது. உன் மோட்டாரில் எந்தத் தரம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். இன்னொன்று, மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற கன்ட்ரோலர் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும் வண்டி நகர ஆரம்பிக்கிற நேரத்தில் ஃபேஸ் வயர்களில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு ஓடலாம். மோட்டார் பாடியைத் தொட்டுப் பார்த்து "ஆறித்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யாதே. உள்ளே காயில் கொதித்து வெகுநேரம் கழித்துத்தான் பாடிக்குச் சூடு வரும். காயிலுக்குள்ளேயே சென்சார் இருக்க வேண்டும், அது சொன்னால் கன்ட்ரோலர் தானாகவே கரண்டைக் குறைக்க வேண்டும்.

ஆனால் சூட்டைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். ஓட வைப்பதற்கு நீ எல்லாம் யோசித்துவிட்டாய். நிறுத்துவதற்கு இன்னும் யோசிக்கவில்லை. நீ அனுப்பிய படத்தில் மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, வேகம் கூட்டும் திராட்டில் எல்லாம் அம்புக்குறி போட்டு அழகாக இருக்கிறது. பிரேக் என்ற இடத்தில் "ரீஜென், பிறகு டிஸ்க்" என்று எழுதி வைத்திருக்கிறாய். மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்புவது முதலில், டிஸ்க் பிரேக் அப்புறம் என்கிறாய். அந்தப் "பிறகு" வேண்டாம் கண்ணு.

நீயும் வண்டியும் சேர்ந்து 160 கிலோ என்று வை. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதில் 22,000 ஜூல் இருக்கிறது. 90-ல் 50,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, பிரேக் தின்ன வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. ரீஜென் அதில் ஒரு பங்கை எடுக்கும், உண்மைதான். ஆனால் 72 வோல்ட் பேட்டரி நிறைந்து 84 வோல்ட்டில் நிற்கும்போது அதற்குப் போட இடம் கிடையாது, பேட்டரியைக் காக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட் தடுத்துவிடும். சார்ஜ் போட்டு எடுத்து வந்த முதல் ரவுண்டில்தான் பிரேக் பிடிக்காது என்றால் யோசித்துப் பார். செயின் அறுந்தாலும் ரீஜென் போய்விடும். ஆகவே பின் ஆக்ஸிலில் ஹைட்ராலிக் டிஸ்க் மாட்டாமல் வண்டியைத் தரையில் இறக்காதே. பிரேக் பெடலில் ஒரு சின்ன சுவிட்ச் வை, பெடலைத் தொட்டதும் திராட்டில் செத்துவிட வேண்டும்.

திராட்டிலைப் பற்றியும் கேள். ஹால் திராட்டிலில் மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். அதிர்வில் கிரவுண்ட் வயர் மட்டும் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி நின்றுவிடக்கூடும். கன்ட்ரோலர் அதை "முழு வேகம் கேட்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்ளும். நீ காலை எடுத்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். நல்ல கன்ட்ரோலரில் இதைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி இருக்கும். இருக்கிறது என்று புத்தகத்தில் படித்தால் போதாது. சக்கரத்தைத் தூக்கி வைத்து, குறைந்த கரண்ட் அமைப்பில், நீயே அந்த வயரைக் கழற்றிப் பார். நின்றால்தான் நம்பு.

அப்புறம் டி.சி. உன் அப்பா ஆயுசு முழுக்க ஏ.சி.யோடு வாழ்ந்தவன். ஏ.சி. விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். சுவிட்சைப் பிரிக்கும்போது எழுகிற தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். டி.சி.க்குப் பூஜ்யம் கிடையாது. பிரித்த இடத்தில் ஆர்க் நீண்டு நிற்கும், தாமிரத்தையே உருக்கும். வீட்டுக்குப் போடும் எம்.சி.பி.யும், கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு ஃபியூஸும் உன் வண்டிக்கு ஆகாது. ஃபியூஸின் மேல் டி.சி. என்று அச்சடித்து, 84-க்கு மேலான வோல்ட் போட்டிருக்க வேண்டும். அதைப் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் மாட்டு. கன்ட்ரோலர் பக்கத்தில் மாட்டினால் நடுவிலுள்ள கேபிள் ஃப்ரேமில் உரசிக் கிழிந்தால் அதைக் காப்பாற்ற யாருமில்லை.

அவசரத்தில் அமுக்கும் கில் சுவிட்சுக்கு, கரண்டைத் துண்டிக்கிற கான்டாக்டரும் டி.சி.க்கானதாக இருக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை காலியாக இருக்கும்போது நேராகப் பேட்டரியைக் கொடுத்தால் ஒரு கணத்தில் பயங்கரமாக இழுக்கும். கனெக்டரில் "பட்" என்று பொறி வந்தது, சிரித்தோம் என்று எழுதியிருந்தாயே, அது அதுதான். அதே பொறி கான்டாக்டருக்குள் வந்தால் அதன் இரண்டு முனைகளும் வெல்ட் ஆகி ஒட்டிக்கொள்ளும். வெளியில் பார்க்கச் சிவப்புப் பொத்தான் இருக்கும், அமுக்கினால் உள்ளே ஒன்றும் பிரியாது. அதனால் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரை நிரப்பிவிட்டு, அப்புறம் கான்டாக்டர் சேர வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும் பொத்தானை அமுக்கி, நிஜமாகவே பிரிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்.

உங்கள் பக்கத்து ஹாக்கன்ஹைமில் மாணவர்கள் ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடென்ட் போட்டியை ஒரு முறை போய்ப் பார். 2010-லிருந்து அங்கே எலெக்ட்ரிக் பிரிவும் உண்டு. கார் கட்டுவது பிள்ளைகள்தான், ஆனால் ஒவ்வொரு காரிலும் ஓட்டுபவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒன்று, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று என்று நிறுத்தும் பொத்தான் வைத்தே ஆக வேண்டும். வெளியில் நிற்பவரும் நிறுத்த வேண்டும் என்பதற்காக. 2023-ல் சூரிச் மாணவர்கள் கட்டிய கார் ஒரு விநாடிக்குள்ளாகவே, 0.956 விநாடியில், பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அவ்வளவு வேகம் பிடிக்கிறவர்கள் நிறுத்துவதற்கு எவ்வளவு வேலை செய்திருப்பார்கள் என்று அவர்களிடமே கேள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

கேபிள் முனையில் நசுக்கி மாட்டும் லக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. படத்தில் பேட்டரி பாசிட்டிவ் லக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தியால் தட்டி நசுக்கியது போல் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது, இரண்டு மூன்று இழை வெளியே நிற்கிறது. அந்த ஒரு இணைப்பில் ஒரு மில்லி ஓம் அதிகமானால்கூட 150 ஆம்பியரில் 22 வாட்டுக்கு மேல் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பேட்டரி மேல் வைத்துவிட்டு வண்டி ஓட்டுவது மாதிரி. ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் யாரிடமாவது கேட்டு வாங்கி எல்லா லக்கையும் புதிதாகப் போடு. வேலை செய்யும்போது மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வை. உங்கள் ஐரோப்பாவில் வண்டிகளுக்கு டி.சி. 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஹை வோல்டேஜ் கணக்கு. நீ அதைத் தாண்டிவிட்டாய்.

பேட்டரிப் பெட்டியை ஃப்ரேமோடு சுற்றிலும் வெல்ட் அடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். கோ கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரே ஆக்ஸிலில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் லேசாகத் தூக்கிக்கொண்டால்தான் வண்டி திரும்பும், அதற்கு ஃப்ரேம் முறுக்கிக் கொடுக்க வேண்டும். கனமான இரும்புப் பெட்டியை இறுக்கிவிட்டால் ஒன்று வண்டி திரும்பாமல் நேராகப் போகும், இல்லையென்றால் வெல்டிங் விரிசல் விடும். ரப்பர் புஷ் போட்டு மாட்டு. குழி மேடு அதிர்வெல்லாம் நேராகப் பேட்டரி செல்லுக்குத்தான் போகும் என்பதால் அதற்கும் அது நல்லது. குளிரில் இன்னொரு விஷயம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் போடாதே. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும், பிறகு எப்போது ஷார்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேறவிட்டுப் போடு, நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடு.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள், நானும் அதையேதான் சொல்வேன். உன் தலைமுடி. இங்கே கோ கார்ட் ஓட்டப்போன பெண்களின் கூந்தல் பின்னால் சுற்றும் ஆக்ஸிலில் சிக்கி உயிர் போயிருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தும் போயிருக்கிறது. முடியைக் கொண்டையிட்டு, துணித்தொப்பிக்குள் முழுவதும் அடக்கி, அதன் மேல் ஹெல்மெட். ஷாலும் வேண்டாம், தொங்குகிற ஜாக்கெட்டும் வேண்டாம். செயினுக்கும் ஆக்ஸிலுக்கும் தகரத்தில் மூடி செய்து மாட்டு. உன் தோழிகள் யார் உட்கார்ந்தாலும் இதே சட்டம்தான்.

கன்ட்ரோலர் கரண்ட்டை முதலில் 40 ஆம்பியரில் வைத்து ஓட்டிப் பழகு. அதுவே கிட்டத்தட்ட மூவாயிரம் வாட், நகர்வதற்கும் பிரேக்கைச் சோதிப்பதற்கும் தாராளம். செயின் பல் சக்கரம் மோட்டாரில் 12 பல், ஆக்ஸிலில் 48 பல் என்றே இருக்கட்டும், 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் சுமார் 4500 சுற்றில் ஓடும். அதிக வேகத்துக்கு ஆசைப்பட்டு இப்போதே மாற்றாதே.

புது லக்குகளின் படம், ஃபியூஸ் மேலிருக்கும் எழுத்தின் படம், திராட்டில் கிரவுண்டைக் கழற்றிய வீடியோ, இந்த மூன்றையும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. படத்தை ஆடாமல் வெளிச்சத்தில் எடு, இந்த முறை லக்கின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். டிஸ்க் பிரேக்குக்குப் பணம் குறைந்தால் வாய்விட்டுக் கேள், அப்பா அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா