மாத்திரைக்கு முன் பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

வயிறு எரிந்தால் மருந்துக் கடையில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை அட்டையை வாங்கி, மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றுவிட்டனர். நம் வீடுகளில் இன்னும் மிளகாய்தான் குற்றவாளி.

பான்டோபிரசோலை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தாமல், இந்தக் கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும் என்பதைச் சீட்டு எழுதும்போதே மருத்துவர்கள் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை, குணமான பிறகும் நெடுநாள் ‘பாசிட்டிவ்’ காட்டுவதால், கிருமி இப்போது இருக்கிறதா என்று அறிய உதவாது.

கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பலிக்காத அளவுக்குக் கிருமி அதற்குப் பழகிவிட்ட இடங்களில், பிஸ்மத் என்ற மருந்தும் சேர்ந்த நான்கு மருந்துகளை 14 நாள் கொடுக்கிறார்கள். மலம் கறுப்பதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்துவோர் உண்டு. அது பிஸ்மத்தால் வரும் நிறம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும். கிருமி ஒழிந்ததா என்று பார்க்க, மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துச் செய்யவேண்டிய மறுபரிசோதனைதான் பெரும்பாலும் கைவிடப்படுகிறது. மூச்சுப் பரிசோதனை வசதியை மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் அரசு ஏற்படுத்தித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி