கொழும்பு லொட்ஜ்கள் திரைக்கு வர வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முன்பின் அறியாத சிலர் ஒரே விடுதியில் தங்க நேர்ந்து, விடிவதற்குள் ஒவ்வொருவரின் குட்டும் வெளிப்பட்டுவிடும் திகில் கதைகளில், 2018 இல் ட்ரூ கொடார்ட் எழுதி இயக்கிய 'பேட் டைம்ஸ் அட் த எல் ரோயல்' மிகச் சிறந்ததொன்றென்பது என் கருத்து. கலிபோர்னியா, நெவாடா மாநில எல்லைக்கோடு நடுவே ஓடும், வாடிக்கையாளர் குறைந்துபோன ஹோட்டலொன்றில் 1969 இல் நிகழும் கதை அது. கலிபோர்னியாப் பக்கத்து அறைக்கு ஒரு டொலர் கூடுதல். அறைக் கண்ணாடிகளுக்குப் பின்னாலோ உளவு பார்ப்பதற்கென்றே ஓர் இரகசிய நடைவழி. பாதிரியார் வேடத்தில் வந்தவர் தரைப்பலகையை உடைக்கும் ஓசை வெளியே கேளாதிருக்கப் பாடகி குரலெடுத்துப் பாட, அவளது கைதட்டலோடு சேர்ந்தே அவருடைய அடியும் விழும் காட்சியை எளிதில் மறக்க முடியாது. 141 நிமிடப் படத்தின் இறுதிப் பகுதி சற்றுத் தொய்கிறது என்பதும் உண்மையே.

இப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் எழுபவை போர்க்காலத்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்கள்தாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரரின் அழைப்புக்காகக் காத்திருந்த இளைஞனும், கண் சத்திரசிகிச்சைக்கு வந்த முதியவரும், கைதான மகனைத் தேடி வந்த தாயும், இன்னாரென்று எவருக்கும் தெரியாத இன்னொருவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். வந்த காரணத்தைக் கேட்கவும் பயம், சொல்லவும் பயம். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் தேசிய அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கையில் இருந்தாக வேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலையில் இத்தகைய லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் அக்காலத்தில் இங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த அதிகாலைக்கு முந்திய இரவில், ஒரேயொரு லொட்ஜுக்குள், அறைக்கொரு கதையாக ஒரு திகில் படத்தை நம் இளைய இயக்குநர்கள் எடுக்க வேண்டும். பெருஞ்செலவும் இதற்குத் தேவையில்லை. நீண்ட நடைவழியுள்ள பழைய கட்டடமொன்றும் நல்ல நடிகர்களும் போதும். ஆனால் அந்த அறைகளில் ஒருவரையொருவர் எப்படி அளந்து பேசினார்கள், முகாமையாளர் எதைப் பார்த்தும் பாராதவர்போல் இருந்தார் என்பதெல்லாம் அங்கே இருந்தவர்களுக்கே தெரியும். அவர்களிற் பலர் இன்று முதுமையடைந்து விட்டனர். தமிழகத் திரைச் செய்திகளுக்குத் தாராளமாக இடமளிக்கும் தங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்தில், லொட்ஜ் நடத்தியவர்களும் தங்கியவர்களும் எழுதும் நினைவுகளுக்கு வாரந்தோறும் ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறு தங்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.