நான்கு சக்கரம் இருந்தால் கவிழாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏ.டி.வி. (மண்பாதையில் பைக் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் தடித்த டயர் வண்டி) ஓட்டுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை ஹெல்மெட், வேகம் இரண்டையும் நன்றாகவே வலியுறுத்தியது. ஆனால் 'நான்கு சக்கரம் இருப்பதால் பைக்கைப் போல் விழாது' என்ற வரி உறுத்துகிறது. இந்த வண்டியில் ஆபத்தே அந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் 1988-ல் அரசுடன் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி மூன்று சக்கர ஏ.டி.வி. விற்பனையை உற்பத்தியாளர்கள் நிறுத்தினார்கள். ஒரு சக்கரம் கூடியது, கவிழ்வது நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல், பொதுப் பயன்பாட்டுக்கு விற்கும் புது வண்டிகளில் கவிழ்ந்தால் ஓட்டுநரை நசுங்காமல் காக்கும் அமைப்பு கட்டாயம். நான்கு சக்கரமே போதும் என்றால் அதற்குத் தேவை ஏது?

தார்ச்சாலைக்கு வருகிறேன். 'பக்கத்துத் தோட்டம் வரைக்கும்தானே' என்று சாலையில் இறக்குபவர்கள் உண்டு. பல மாடல்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியபடி சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது, வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் ஹேண்டில்பாரை இன்னும் ஒடிப்பார். முன்டயர் சட்டென்று பிடிக்கும். உயரமான, அகலம் குறைந்த வண்டி அப்படியே சாயும். டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) உள்ள மாடலிலும் டயர் மண்ணுக்கானதுதான். பல நாடுகளில் சட்டம் இதைப் பொதுச்சாலையில் அனுமதிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாலையைக் குறுக்கே கடக்க மட்டும் அனுமதி உள்ள இடங்களில், முழுதாக நிறுத்தி, இருபுறமும் பார்த்து, செங்குத்தாகக் கடக்க வேண்டும். பதிவு, காப்பீடு, வயது வரம்பு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியை எடுங்கள். அடுத்தவர் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருப்பது நல்லது.

கட்டுரை தொடாத விஷயம் டயர் காற்று. இதற்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) போதும், சரியான அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் வில்லையில் இருக்கும். கார் டயருக்கான கேஜ் (அழுத்தம் பார்க்கும் கருவி) அவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள கேஜ் வாங்குங்கள். ஓட்டுவதற்கு முன், டயர் சூடேறாதபோது பாருங்கள். 5 பி.எஸ்.ஐ. வேண்டிய டயரில் 1 குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இடது வலது சமமில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காற்று கூடினால் பந்து மாதிரி குதிக்கும்; மிகக் குறைந்தால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பெட்ரோல் பங்க் கம்ப்ரசர் கண்மூடித் திறப்பதற்குள் அளவைத் தாண்டிவிடும், கைப்பம்பே உத்தமம்.

நீண்ட சீட்டைப் பார்த்து இருவர் உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். ஓட்டுபவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரத்தான் அந்த நீளம். இருவருக்கென்றே தயாரித்த மாடலைத் தவிர மற்றதில் பின்னால் ஆள் ஏறினால் அந்த இடம் பறிபோகும். ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போய் முன்சக்கரம் லேசாகிவிடும்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால்? பதறிப் பின்பிரேக்கை மட்டும் அழுத்துவதுதான் பெரிய தவறு. பின்னோக்கி உருளும் வண்டியின் பின்சக்கரம் பூட்டினால் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மேலேயே விழும். உடலை மேட்டுப்பக்கம் சாய்த்து, த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) தொடாமல், முன்பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். முழுதாக நின்றபின் பின்பிரேக், பிறகு பார்க்கிங் பிரேக். மேட்டுப்பக்கமாக இறங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். சில மாடல்களில் ஒரே லீவர் எல்லாச் சக்கரத்தையும் பிடிக்கும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து, சமதளத்தில் பழகுங்கள்.

90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை 16 வயதுக்குக் கீழானவர்களிடம் கொடுக்காதீர்கள். ஓட்டத் தெரியுமா என்பது மட்டுமல்ல கேள்வி. பெரிய வண்டியைச் சமன்செய்யும் எடையும் கை நீளமும் அந்த வயதில் இருக்காது. சின்ன வண்டியிலும் த்ராட்டில் எவ்வளவு திறக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகு இருந்தால், முதல் நாள் அதை இறுக்கி வையுங்கள்.

இன்னொன்று: வைக்கோல், காய்ந்த புல் வழியாகப் போய்வந்தால் சைலன்சரைச் சுற்றிச் சிக்கியதை, சூடு ஆறியபின் உருவி எடுங்கள். அது தீப்பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்