இரண்டாவது கோட் வேண்டாம்: பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். தோட்டத்தில் நிற்கும் என் சிற்பத்தைப் பற்றித்தான், நான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய 15 மரக்கட்டைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவற்றின் வெடிப்பை அடைத்து, இரும்புப் பட்டைகளால் பூட்டி, வார்னிஷும் அடித்திருக்கிறீர்கள். முதல் கோட் வார்னிஷ் காய்ந்துவிட்டது, அடுத்த வாரம் இரண்டாவது கோட் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தனியாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். சரி, நாலு பேர் பார்க்க எழுதுவோம் என்று முடிவு செய்தேன்.

போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் மழை ஓய்ந்திருந்தது. மூன்றாவது அடுக்கின் நடுக்கட்டையில், அறுத்த முகத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு வெடிப்பு ஓடும். ஆறு வருடமாக எனக்குப் பழக்கமான வெடிப்பு அது. வெயில் காலத்தில் ஒரு நாணயத்தைச் செருகலாம். மழைக்காலத்தில் நகம்கூட நுழையாது. நடுத்தண்டோடு சேர்த்து அறுத்த கட்டை வெடிக்கத்தான் செய்யும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் அது ஆசுவாசப்பட வேண்டும்.

அந்த வெடிப்பில் இப்போது மக்கு (இடுக்கை அடைக்கப் பூசும் பட்டி) அடைத்திருக்கிறீர்கள். அதோடு விட்டீர்களா? மக்கின் மேல் மெல்லிய தூரிகையால் மர ரேகையும் வரைந்து வைத்திருக்கிறீர்கள். வரைந்தவர் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஒரு கணம் நானே ஏமாந்தேன். ஆனால் மழையில் கட்டை ஊறியதும் வெடிப்பு மூடப் பார்த்திருக்கிறது. வரைந்த ரேகையோடு மக்கு உதடு மாதிரி பிதுங்கி நிற்கிறது. அதை விரலால் தொட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காவலர் வந்து, "சார், தொடக் கூடாது" என்றார்.

அப்புறம், அடுக்குகளைத் திருகிப் பூட்டிய அந்த எல் வடிவ இரும்புப் பட்டைகள். செடார் மரத்தில் உள்ள சாறு ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். ஒவ்வொரு திருகுக்குக் கீழும் மை வழிந்த மாதிரி ஒரு கோடு இறங்கியிருக்கிறது. அழகு கெட்டதோடு போனால் பொறுத்துக்கொள்வேன். அடுக்குக்கு மூன்று கட்டைகள், ஒவ்வோர் அடுக்கும் கீழ் அடுக்குக்குக் குறுக்காக. மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். அப்படியானால் மேல் அடுக்கு அசையும் திசை வேறு, கீழ் அடுக்கு அசையும் திசை வேறு. இரண்டையும் திருகிப் பூட்டினால் புதிய இடத்தில் பிளக்கும். நீங்கள் அதற்கும் மக்கு அடிப்பீர்கள்.

பாதுகாப்பு என்கிறீர்கள். அந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கட்டை ஒன்று 30 செ.மீ. சதுரம், 90 செ.மீ. நீளம், ஏறத்தாழ 30 கிலோ. அடித்தளம் 90 செ.மீ., மொத்த உயரம் ஒன்றரை மீட்டர். சாய்ந்து விழுகிற அமைப்பு இல்லை இது. மேல் அடுக்கை யாராவது நகர்த்திவிடுவார்களோ என்று பயமிருந்தால், வெளியே தெரியாமல் உள்ளே ஒரு மரமுளை வைத்து நானே நிறுத்தித் தருகிறேன். எனக்கு அதில் அரைமனதுதான். ஆனாலும் செய்கிறேன்.

கூட்டத்தில் ஒருவர், "வெறும் கட்டைதானே, பாலிஷ் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும்" என்றாராம். வெறும் கட்டைதான் ஐயா. அதைத்தானே இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! 1950களின் கடைசியில் அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆண்ட்ரே ஒரு கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, நண்பரான ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லா அதன் செதுக்காத பக்கத்தைத் தடவிப் பார்த்து, இதுவும் நல்ல சிற்பம்தான் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஆண்ட்ரே மரத்தை வெட்டுவதை விட்டு, மரத்தால் இடத்தை வெட்டத் தொடங்கினார். 1960 முதல் 1964 வரை ரயில்வேயில் பிரேக்மேன் வேலை பார்த்தவர். ஒரே மாதிரிப் பெட்டிகளைக் கோப்பதும் கழற்றுவதும் அவருக்குப் பழகிப்போன காரியம். ஆணி இல்லை, பசை இல்லை. கட்டை தன் எடையால் நிற்கும்.

லண்டன் டேட் அருங்காட்சியகம் 1972இல் வாங்கிய ஆண்ட்ரேயின் ஒரு சிற்பத்தின் மேல், வெறும் 120 செங்கற்களை அடுக்கியதுதான் அது, 1976இல் ஒருவர் நீலச் சாயம் ஊற்றினார். அவருக்குச் சிற்பம் பிடிக்கவில்லை. உங்களுக்கோ என் சிற்பம் பிடித்திருக்கிறது என்கிறீர்கள், அதனால் வார்னிஷ். சாயத்தையாவது கழுவிவிட்டார்கள். மரத்துக்குள் இறங்கிய வார்னிஷை நான் எப்படி எடுப்பது? வெயிலிலும் மழையிலும் நின்று வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்த மரம் இப்போது வரவேற்பறைச் சோபா நிறத்தில் பளபளக்கிறது. பக்கத்தில் இரண்டு குஷன் போட்டால் வேலை முடிந்தது. தோட்டத்துப் பாறைகளுக்கும் ஒரு கோட் அடித்துவிடுங்களேன், அவையும் பாவம் வெறுமனே கிடக்கின்றன.

மன்னிக்கவும். மரியாதையாகக் கேட்க உட்கார்ந்தவன் எங்கோ போய்விட்டேன்.

தயவுசெய்து இரண்டாவது கோட்டை நிறுத்துங்கள். எல் பட்டைகளைக் கழற்ற அனுமதி கொடுங்கள். திருகுத் துளைகள் அப்படியே இருக்கட்டும். அவற்றை அடைக்க வேண்டாம், முக்கியமாக யாரும் ரேகை வரைய வேண்டாம். மக்கைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதும். உளி, உப்புத்தாள், திருப்புளி எல்லாம் நானே கொண்டுவருகிறேன். காவலரிடம் மட்டும், அன்றைக்கு இவர் தொடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பணிவன்புடன்,
கட்டைகளை அடுக்கியவன்