துப்பறியும் தொடர் எழுதுவோருக்கு நெல்லைச் சீமையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழில் துப்பறியும் வெப் சீரிஸ் எழுதுகிற, இயக்குகிற அன்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் தொடர்களை நாங்கள் இரண்டு தடவை பார்க்கிறோம். முதல் தடவை, கொலைகாரன் யார் என்பதற்காக. இரண்டாம் தடவை, பின்னணியில் கேட்கும் பாட்டிலும், மேசையில் கிடக்கும் புத்தகத்திலும், பாத்திரத்தின் பெயரிலும் எந்தப் பழைய கதையை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று தேடுவதற்காக. அப்படித் தேடுபவர்களுக்குக் கிடைப்பது குறைவு. கிடைப்பதிலும் பிழை அதிகம்.

இப்படி ஒளித்து வைக்கும் குறிப்புகளில் எது நல்லது? பி.பி.சி.யின் 'ஷெர்லாக்' முதல் அத்தியாயத்தை (2010) எடுத்துக்கொள்ளுங்கள். இறந்து கிடக்கும் பெண் தரையில் ஐந்து எழுத்துகளை நகத்தால் கீறியிருக்கிறாள்: ஆர், ஏ, சி, எச், இ. 1887இல் வெளிவந்த கோனான் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவலில் இதே எழுத்துகள் சுவரில் ரத்தத்தால் எழுதியிருக்கும். 'ரேச்சல்' என்று எழுத வந்து பாதியில் நின்றது என்பார் போலீஸ்காரர். இல்லை, ஜெர்மன் மொழியில் 'பழி' என்பார் ஹோம்ஸ். தொடரில் அப்படியே தலைகீழ். ஜெர்மன் என்று சொன்னவர் மூக்குடைபடுகிறார், ரேச்சல்தான் சரி. நாவல் படித்தவர் விடை தெரியும் என்று நம்பி ஏமாறுகிறார். படிக்காதவருக்கும் கதையில் ஒன்றும் குறையவில்லை. குறிப்பு வழக்குக்குள்ளேயே வேலை செய்கிறது. எங்கள் அளவுகோல் இதுதான்.

அளவு மீறினாலும் ஆபத்து. 'ட்ரூ டிடெக்டிவ்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் பருவம் (2014) ராபர்ட் சேம்பர்ஸின் 1895ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பிலிருந்து மஞ்சள் அரசனையும் கார்கோசா நகரத்தையும் எடுத்தது. ரசிகர்கள் அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி வாங்கினார்கள். அமானுஷ்யமான விடை வரப்போகிறது என்று பலர் காத்திருந்தார்கள். முடிவில் வந்தவன் சாதாரண மனிதன். குறிப்பு தந்த வாக்கைக் கதையின் முடிவு காப்பாற்றவில்லை என்று அவர்கள் வருந்தியது நியாயம்தான்.

நம்மிடம் இருப்பதற்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை விடத் தெளிவான தடய விசாரணை எங்கே இருக்கிறது? அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் உடைக்காமலே தண்டனை கொடுத்துவிட்டான் பாண்டியன். சாட்சி சொன்ன பொற்கொல்லனே உண்மையான திருடன். இதைப் பயன்படுத்த நினைத்தால், பாத்திரத்தின் வாயில் 'கண்ணகி மாதிரி' என்ற வசனத்தை மட்டும் வைக்காதீர்கள். கைப்பற்றிய நகையைத் திறந்து பார்க்காமல் நகைக்கடைக்காரர் சொல்லை நம்பும் ஓர் இன்ஸ்பெக்டரைக் காட்டுங்கள். ஆறாம் அத்தியாயத்தில் அந்த நகை கைதவறி விழட்டும். 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்ற வரி பார்ப்பவர் மனதில் தானாக ஓடும்.

அடுத்து வில்லுப்பாட்டு. கிராமத்துக் கோயில் கொடை, அதாவது திருவிழா, என்றாலே ஒரு வில்லையும் குடத்தையும் காட்டி, ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதையைத்தான் விரித்துப் பாடுவார்கள். சாமியாடிக்கு அருள் வருவதும் அந்தக் கதையின் போக்கோடு சேர்ந்தது. சுடலைமாடன் கோயிலில் வேறு கதை ஓடினால் எங்கள் காது உடனே நின்றுவிடும். அதோடு, கொலையுண்டவர்கள் சாமியாகி நிற்கும் மண் இது. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைப் படியுங்கள். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் சகோதரிகளை மணந்த பிராமண இளைஞன், மாடு காக்கப் போய்க் கொல்லப்படுகிறான். இதை வைத்து ஒரு காட்சி: ஆணவக் கொலையை விசாரிக்கும் எஸ்.ஐ. ஒருவர் கொடைப் பந்தலுக்கு வெளியே நிற்கிறார். வில்லை அடிக்கும் வீசுகோல் நாணில் விழ, உள்ளே இந்தக் கதை. அவர் பேசவே வேண்டாம். பின்னணி இசையை மட்டும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். பாட்டு வரிகள் முழுகிப் போவது பெரும்பாலும் அந்த இசையால்தான்.

காலப் பிழைகளும் தேடுபவரைத் தவறான வழியில் இழுக்கும். 1911 ஜூன் 17இல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட காட்சியில், ரயில் நிலையப் பலகையில் 'மணியாச்சி' என்றுதான் இருக்க வேண்டும், 'வாஞ்சி மணியாச்சி' பிற்காலப் பெயர். வாஞ்சி கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். சுழலும் ரிவால்வரைக் கொடுக்காதீர்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். 1990இல் போட்ட எஃப்.ஐ.ஆர். என்றால் அங்கே சிதம்பரனார் மாவட்டம், இங்கே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 1997இல்தான் தலைவர் பெயர்கள் எடுக்கப்பட்டன. 2024 ஜூலை 1க்குப் பின் நடக்கும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவைப் போடாதீர்கள், பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. பழைய நெல்லையின் ஊர், சாதி, வரலாறு பார்க்க கால்டுவெல்லின் 1881ஆம் ஆண்டு நூலும் பேட் எழுதிய 1917 கெசட்டியரும் போதும்.

நாங்கள் சரிபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். காட்சியின் நிமிடம், விநாடி குறித்து, வசனத்தைக் கேட்டபடியே எழுதி, மூலத்தை மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூல் தொகுப்பிலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ஒப்பிடுவோம். ஒற்றாடல் அதிகாரத்தின் 589ஆம் குறள், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பு என்கிறது. அதன்படி மூன்று பேர் கலந்து பேசாமல் பார்த்து எழுதியது ஒத்துவந்தால்தான் கணக்கில் எடுப்போம். ஒரே ஓர் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆகவே உண்மையிலேயே குறிப்பு வைக்கிறீர்கள் என்றால், அதே அத்தியாயத்தில் இரண்டாவது ஒன்றையும் வையுங்கள். புத்தக அட்டையை மூன்று விநாடியாவது காட்டுங்கள்; பெரும்பாலோர் போனில்தான் பார்க்கிறார்கள், சின்ன எழுத்து அதில் தெரியாது. தொடர் வந்த வாரமே பேட்டியில் எல்லாவற்றையும் விளக்கிவிடாதீர்கள். ஒரு மாதமாவது பொறுங்கள். அதற்குள் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.

அன்புடன்,
நெல்லைச் சீமைத் தொடர் ரசிகர்கள்